புத்தகப் பரிந்துரையும் பரிசும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில் சென்னை நந்தனம் புத்தகக் காட்சி முடிந்ததும் வாசகர் வட்டங்களுக்குப் புதியவர்கள் நிறைய வருவார்கள். படித்ததைப் பரிந்துரைப்பார்கள், குழுவில் இருப்பவர்களுக்குப் புத்தகப் பரிசு அறிவிப்பார்கள். அந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்குகிற அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, மங்கலான அட்டைப்படம் இதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

“அருமை, அவசியம் படியுங்கள்”

இதை வைத்து யாரும் புத்தகம் வாங்க முடியாது. யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று சொல்லுங்கள். கரிசல் வட்டாரப் பேச்சுவழக்கில் எழுதிய நாவல் என்றால், முதல் சில பக்கங்கள் நகரத்து வாசகருக்குத் தடுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஸ்கேன் பிடிஎஃப்பைப் பரிசாக அனுப்புவது

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் புதிதாக வந்த நாவலை மனமாரப் பாராட்டினார். கையோடு முழு நாவலின் ஸ்கேனையும் போட்டார். “எல்லாரும் படிக்கட்டும் சார்” என்றார். அந்த நாவலை எழுதியவரும் குழுவில் இருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறினார். அடுத்த கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர், வரவில்லை. நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

தமிழில் பல நாவல்களுக்கு முதல் பதிப்பே சில நூறு பிரதிகள்தான். ராயல்டி வழக்கமாக 10 சதவீதம். 300 ரூபாய் புத்தகம் விற்றால் எழுதியவர் கைக்கு 30 ரூபாய் வரும். பாராட்டிக்கொண்டே அதையும் பறிக்கலாமா? சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு.

“கடையில் கிடைக்கவில்லை” என்பார்கள். பதிப்பகத்துக்கு ஒரு போன் போடுங்கள். இப்போது பல பதிப்பகங்கள் யாராவது கேட்கும்போது அச்சடித்துத் தருகின்றன. இலவசமாகத்தான் தர வேண்டுமா, சரி, அதற்கும் வழி இருக்கிறது. பாரதி, கல்கி எழுத்துகள் நாட்டுடைமை, யாரும் பகிரலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இலவச மின்நூல் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் எல்லாம் இருக்கின்றன. அங்கிருந்து இணைப்பை அனுப்புங்கள்.

தபால் செலவை மறப்பது

புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சல் சேவையை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டது. தடிமனான நாவலை அனுப்பும் செலவு கையைக் கடிக்கலாம். எடை போட்டுப் பார்த்துவிட்டு அறிவியுங்கள். செலவு யாருடையது, வெளிநாட்டு வாசகர்கள் கலந்துகொள்ளலாமா என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

முகவரியைக் குழுவில் கேட்பது

கூடவே கூடாது. தனிச்செய்தியில் வாங்குங்கள்.

பரிசு பெற்றவரிடம் விமர்சனம் கேட்டு நச்சரிப்பது

கொடுத்தாயிற்று. விடுங்கள்.

வீட்டில் கழிப்பதைப் பரிசு என்பது

படித்த பிரதியைத் தருவதில் தவறே இல்லை. காலாவதியான போட்டித்தேர்வுக் கையேட்டையும் கரையான் அரித்ததையும் தராதீர்கள். அடிக்கோடு, கிழிசல் இருந்தால் படமெடுத்து முன்கூட்டியே காட்டிவிடுங்கள். அப்புறம் வேண்டுமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்துகொள்வார்.