யோமோகி பறிக்கிறீர்களா? இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஜப்பானில் வசந்தகாலத்தில் ஆற்றங்கரையெங்கும் யோமோகி தளிர்விடும். நம் மாசிபத்திரியின் நெருங்கிய உறவு. பறிக்கும்போது அவசரம் கூடவே கூடாது. உயிரைப் பறிக்கும் நஞ்சுள்ள தோரிகாபுத்தோ செடியின் இளந்தளிரும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். இலையைத் திருப்புங்கள். யோமோகியின் அடிப்புறத்தில் வெண்பஞ்சு போன்ற மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும் (மோக்சா என்னும் சூட்டுச் சிகிச்சையில் எரிக்கும் பஞ்சு இதிலிருந்தே எடுக்கப்படுகிறது). கசக்கினால் தனி மணம் எழும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் தொடாதீர்கள்.

சிட்டிகை சமையல் சோடா சேர்த்த கொதிநீரில் 1 அல்லது 2 நிமிடம் வேகவிட்டு, குளிர்நீரில் அலசிப் பிழியுங்கள். கசப்பு அடங்கும், பச்சை நிறம் மங்காது. அரைத்து அரிசி மாவில் பிசைந்து ஆவியில் வேகவைத்தால் குசாமோச்சி என்னும் அரிசிப் பலகாரம் தயார். கர்ப்பிணிகளும் சாமந்தி ஒவ்வாமை உள்ளவர்களும் தவிர்க்கவும்.