மூன்று தட்டுப் பாட்டுக்கு நான்கு தட்டு டெக்னோ: ‘டீ கெடங்கென் ஸிண்ட் ஃப்ரை’ செய்முறை

பழைய ஜெர்மன் பாட்டு ஒன்றை டெக்னோவாக, அதாவது ஒரே சீராக அடிக்கும் மின்னணு நடன இசையாக, ஆக்கிப் பார்க்கும் ஆசை யூ96 என்ற ஜெர்மன் குழுவின் ‘தாஸ் போட்’ கேட்ட நாளிலேயே வந்துவிட்டது. 1981-ல் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் படத்துக்கு கிளவுஸ் டோல்டிங்கர் போட்ட மெட்டு அது. பத்து வருஷம் கழித்து அலெக்ஸ் கிறிஸ்டென்ஸனும் கூட்டாளிகளும் அதற்கு அடியில் கிக், அதாவது பெரிய டிரம்மின் அடி, போட்டார்கள். 1992-ல் ஜெர்மனியில் 13 வாரம் முதலிடம்.

நான் எடுத்தது அதைவிட ரொம்பப் பழைய நாட்டுப்பாடல், ‘டீ கெடங்கென் ஸிண்ட் ஃப்ரை’. ‘சிந்தனைகளுக்குத் தடையில்லை, யாரால் அவற்றை ஊகிக்க முடியும், இரவின் நிழல்கள் போலப் பறந்துவிடும்’ என்று தொடங்கும். 1780 வாக்கில் துண்டுப் பிரசுரங்களில் வந்த வரிகள்; எழுதியவர் யாரென்று தெரியாது. 1942-ல் ஹிட்லரை விமர்சித்ததற்காக அப்பா ராபர்ட் ஷோல் உல்ம் நகரச் சிறையில் கிடந்தபோது, மகள் சோஃபி ஷோல் சிறை மதிலுக்கு வெளியே நின்று இந்த மெட்டைத்தான் புல்லாங்குழலில் வாசித்தார். அதைப் படித்த பிறகு வேறு பாட்டைத் தேட எனக்கு மனசு வரவில்லை.

டிஏடபிள்யூ (இசையைப் பதிந்து கோர்க்கும் மென்பொருள்) நிறுவுவது, மைக் மாட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் உரிமை

பாட்டும் மெட்டும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒரு பாடகர் குழுவின் ஒலிப்பதிவு அந்தக் குழுவுக்குச் சொந்தம். அதிலிருந்து துண்டு வெட்டாதீர்கள். கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் மின்னணு இசைக்குழுவின் பதிவிலிருந்து எடுத்த இரண்டு விநாடித் தாளத்துக்காக ஜெர்மனியில் 20 வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்தது. நீங்களே பாடுங்கள், அல்லது தெரிந்தவரைப் பாடச் சொல்லுங்கள். எனக்குப் பாடியவர் ஒரு தோழி.

கருவிகள்

டிஏடபிள்யூவுக்கு ரீப்பர், சிந்த்துக்கு (மின்னணு ஒலி உண்டாக்கும் கருவி) சர்ஜ் எக்ஸ்டி. இரண்டே போதும். ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம், சர்ஜ் முழுக்க இலவசம். பிளக்இன் சேகரிப்பதில் ஒரு மாதத்தைத் தொலைக்காதீர்கள். கிக் மட்டும் 909 டிரம் மெஷினின் நல்ல சாம்பிளாக (பதிவு செய்த ஒலித்துண்டு) இருக்கட்டும்.

தாளம்: இங்கேதான் நான் சிக்கினேன்

பாட்டு 3/4, அதாவது ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) மூன்று தட்டு. டெக்னோ 4/4, நான்கு தட்டு. நம் கணக்கில் சொன்னால் திஸ்ரத்தைச் சதுஸ்ரத்தில் உட்கார வைக்க வேண்டும்.

முதலில் எல்லாரும் செய்வதையே செய்தேன். ஒவ்வொரு பாரிலும் முதல் தட்டை இரண்டாக நீட்டினேன். மூன்று நான்காகிவிட்டது, கிக் பொருந்திவிட்டது. ஆனால் ‘டங்ங்-கென் ஸிண்ட்’ என்று ஒவ்வொரு பாரின் தலையிலும் ஓர் அழுத்தம் விழுந்து, பூட்ஸ் காலோடு அணிவகுத்துப் போகிற நடை வந்துவிட்டது. சிறைக்குள் இருப்பவரை நினைத்துப் பாடுகிற பாட்டுக்கு அந்த நடை ஆகவே ஆகாது. அழித்துவிட்டேன்.

சரி, பாட்டை மாற்றாமல் விட்டால்? பாட்டின் ஒரு பார் முழுவதும் டெக்னோவின் ஒரு பாருக்குள் ஓடட்டும். அதாவது நான்கு கிக் அடிக்கும் நேரத்தில் குரல் மூன்று தட்டு நடக்கும். நடுவில் இரண்டும் விலகும், ஒவ்வொரு பாரின் தொடக்கத்திலும் சேர்ந்துகொள்ளும். கையில் போட்டுப் பாருங்கள்: இடது கை தொடையில் நான்கு, வலது கை மேசையில் மூன்று, ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிய வேண்டும். இரண்டு நாள் பழகினால் வந்துவிடும். வந்த பிறகு பாட்டு தரையில் கால் படாமல் மிதக்கிற மாதிரி இருக்கும்.

கணக்கு எளிது. டெக்னோவின் டெம்போவை முக்காலால் பெருக்கினால் பாடகரின் டெம்போ. என் பாட்டு 140 பிபிஎம் (நிமிடத்துக்கு 140 தட்டு). 140-ன் முக்கால் 105.

இந்த 105 என்ற எண்ணுக்கு முழுதாக ஒரு வாரம் செலவானது. தோழியை 140 மெட்ரோனோமில் 3/4-ல் பாட வைத்துப் பதிவு செய்துவிட்டு, பிறகு குரலை 105-க்கு இழுத்தேன். ‘ஃப்ரை’ என்ற நீட்டலில் குரல் நடுங்கியது. ‘ஷாட்டென்’ என்ற சொல்லில் ‘ட்’ இரண்டு முறை கேட்டது, சுவரில் பட்டுத் திரும்பியது போல. எந்த ஸ்ட்ரெச் முறையை மாற்றினாலும் அது போகவில்லை. கடைசியில் அவரை மறுபடி அழைத்து, 105-ல் மெட்ரோனோம் வைத்துப் பாட வைத்தேன். இரண்டாவது டேக்கிலேயே முடிந்தது. குரலை ஒரு இழை கூட இழுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே இரண்டு புராஜெக்ட் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 105, 3/4: குரலுக்கு மட்டும். பதிவை வேவ் கோப்பாக எடுத்து, 140, 4/4 உள்ள இரண்டாவது புராஜெக்ட்டில் போடுங்கள். ஒரே புராஜெக்ட்டில் பதிவு செய்துவிட்டு டெம்போவை மாற்றினால் ரீப்பர் குரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

சிந்த்தில் அதே மெட்டை எழுத வேண்டுமானால் கிரிட்டை (சுரங்களை ஒட்டும் கட்டங்களை) 1/4 டிரிப்லெட்டுக்கு, அதாவது இரண்டு தட்டுக்கு மூன்று கட்டமாக, மாற்றுங்கள். ஒரு பாருக்கு 6 கட்டம் வரும். மெட்டின் சுரங்களெல்லாம் அதில் உட்காரும்.

பாட்டின் ஒரு சரணம் சரியாக 16 பார். டெக்னோ விரும்புகிற அளவு அதுதான். 140-ல் சுமார் 27 விநாடி ஓடும்.

பின்சேர்க்கை 1: ‘குரல் ஒவ்வொரு பாரிலும் தாமதமாக விழுகிறது’ என்று பலர் எழுதியிருந்தார்கள். ‘டீ கெ’ என்ற முதல் இரண்டு அசைகளும் எடுப்பு, அவை தட்டுக்கு முன்னால் வருபவை. முதல் கிக்கில் விழ வேண்டியது ‘டங்’. குரல் கோப்பின் தொடக்கத்தை பாரின் கோட்டில் ஒட்டாமல், ‘டங்’கின் தலையைக் கோட்டில் ஒட்டுங்கள். ‘டீ கெ’ முந்தைய பாரின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் போய் உட்காரும்.

பின்சேர்க்கை 2: ரீப்பருக்குப் பதில் ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குக் குரல் போகப் போக விலகுகிறதாம். கோப்பை உள்ளே போட்டதும் வார்ப் (டெம்போவுக்கு ஏற்ப ஒலியை இழுக்கும் வசதி) தானாக இயங்கியிருக்கும். கிளிப்பில் அதை அணைத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: 140 வேகம் அதிகம் என்பவர்கள் 128 வைக்கலாம், குரல் 96. அல்லது 132, குரல் 99.

பேஸும் கிக்கும்

பாட்டு மேஜரில் இருக்கிறது. டெக்னோ என்றதும் மெட்டை மைனருக்கு மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள், குழந்தைகளும் பாடுகிற அந்த வெள்ளை மனசு போய்விடும். குரல் சி மேஜரிலேயே இருக்கட்டும். பேஸ் (அடியில் ஒலிக்கும் கனத்த சுரம்) மட்டும் ஏ சுரத்தில், 55 ஹெர்ட்ஸில், தம்புரா மாதிரி அசையாமல் நிற்கட்டும். மேலே வெளிச்சம், கீழே இருட்டு. 9-வது பாரிலிருந்து, ‘எந்த வேடனாலும் சுட முடியாது’ என்று வரும் வரியில், மெட்டும் பேஸும் கொஞ்சம் உரசும். அந்த உரசல் எனக்கு வேண்டும்.

பேஸை கிக்குகளுக்கு நடுவில், ஆஃப்பீட்டில் வையுங்கள். கிக்கிலிருந்து பேஸுக்கு சைடுசெயின், அதாவது கிக் அடிக்கும்போதெல்லாம் பேஸ் தணியட்டும். குரலில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கிளாப் 2, 4-வது தட்டுகளில். ஹைஹேட் ஆஃப்பீட். இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ரிவெர்ப் (எதிரொலி) பற்றி மட்டும் ஒரு வார்த்தை: தேவாலயம் மாதிரி பெரிதாக வைக்காதீர்கள். எதிரில் ஒரு மதில் இருக்கிற அளவுக்குச் சின்னது போதும்.

கட்டமைப்பு

16 பார் கிக்கும் ஹேட்டும். 16 பார் பேஸ். அப்புறம் கிக்கோடு முதல் சரணம். அடுத்த 32 பார் குரல் இல்லாமல், சிந்த் அதே மெட்டை மூன்றுக்கு நான்காக வாசிக்கும். ஆடுகிறவர்களுக்கான இடம் அது, ஃபில்டரை மெதுவாகத் திறந்துகொண்டே போங்கள்.

கடைசிச் சரணத்தில் 12-வது பார் முடிந்ததும் கிக், ஹேட், கிளாப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கடைசி நான்கு பாரில் பேஸ் முதல் முறையாக ஏ-யை விட்டு நகரட்டும்: எஃப், சி, ஜி, சி. நீண்ட, மெல்லிய சுரங்களாக. ‘டீ கெடங்கென் ஸிண்ட் ஃப்ரை’ என்று தோழி பாடும்போது நான் பேஸையும் பாதிக்கு இறக்கினேன். ‘ஃப்ரை’க்குப் பிறகு அவர் மூச்சு வாங்குகிற சத்தம் பதிவில் இருந்தது. அதை வெட்டவில்லை, அங்கேயே விட்டுவிட்டேன்.