அவுட்காஸ்டின் இரட்டை ஆல்பம்: கருத்துச் சொல்லும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நீங்க ஆண்ட்ரே பக்கமா, பிக் பாய் பக்கமா?" 'ஸ்பீக்கர்பாக்ஸ்/தி லவ் பிலோ' பற்றிப் பேச்செடுத்தால் இரண்டாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்து நின்றுவிடும். 2003 செப்டம்பரில் வந்த ஆல்பம். அட்லாண்டாவைச் சேர்ந்த ஹிப் ஹாப் ஜோடியான அவுட்காஸ்ட், ஆளுக்கொரு சிடி செய்து இரண்டையும் ஒரே உறையில் போட்டு விற்றார்கள். முதல் சிடி 'ஸ்பீக்கர்பாக்ஸ்' பிக் பாயுடையது, இரண்டாவது 'தி லவ் பிலோ' ஆண்ட்ரே 3000 உடையது. அன்று தொடங்கிய பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை. நடக்கட்டும், எனக்கும் அதில் ஒரு கட்சி உண்டு. ஆனால் அங்கே திரும்பத் திரும்ப ஒலிக்கும் சில வாதங்கள், ஆல்பத்தை முழுசாகக் கேட்காமலே சொல்லப்படுபவை.

முதல் தவறு, இதைப் பாகப்பிரிவினையாக நினைப்பது. "அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள், யாருக்கு நல்ல நிலம் கிடைத்தது பார்" என்கிற மாதிரியான பேச்சு. உறையில் வேலி இருக்கிறது, பாட்டில் இல்லை. பிக் பாயின் சிடியில் முன்னுரை முடிந்ததும் வரும் முதல் பாட்டு 'கெட்டோ மியூசிக்'. அதற்கு இசையமைத்தது ஆண்ட்ரே, கோரஸில் கேட்பதும் அவர் குரல்தான். தலை தெறிக்க ஓடும் ஒரு தாளம், திடீரென்று பிரேக் போட்டது போல் நின்று, பாடகி பேட்டி லாபெல்லின் பழைய காதல் பாட்டின் துண்டு ஒன்று மெதுவாக மிதந்து வரும். பிறகு மறுபடியும் ஓட்டம். ஆண்ட்ரேதான் விசித்திரமானவர், பிக் பாய் சாதாரண ராப்பர் என்று சொல்பவர்கள் இந்த 4 நிமிடத்தை எந்தப் பக்கம் சேர்ப்பார்கள்? அதேபோல் இரண்டாவது சிடியில் இருக்கும் 'ரோசஸ்' பாட்டுக்குள் பிக் பாய் வந்து ஒரு சரணம் சொல்லிவிட்டுப் போகிறார்.

இந்த இருவரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருந்தது எப்போது? 1998இல் வந்த அவர்களுடைய மூன்றாவது ஆல்பத்தின் பெயர் 'அக்வெமினி'. அக்வேரியஸ், ஜெமினி என்ற இரண்டு ராசிப் பெயர்களை ஒட்டிச் செய்த சொல். பிக் பாய் கும்பம், ஆண்ட்ரே மிதுனம். ஜாதகப் பொருத்தம் பார்த்துவிட்டு ஆல்பத்துக்குப் பெயர் வைத்தவர்கள், 5 வருஷம் கழித்து ஆளுக்கொரு சிடி செய்ததில் நமக்கு ஏன் அதிர்ச்சி? இதோடு ஜோடி உடைந்தது என்று சொல்வதும் தவறு. 2006இல் அவர்களுடைய அடுத்த ஆல்பம் 'ஐடில்வைல்ட்' வந்தது. அதற்குப் பிறகுதான் புது ஆல்பம் இல்லை.

சரி, அடுத்தது. இது எனக்கே நடந்தது. ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு இந்த ஆல்பம் ஒரே நீளப் பட்டியலாகத்தான் தெரியும். சுமார் 40 தடங்கள், ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். ஒரு ரயில் பயணத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். பிக் பாயின் 56 நிமிடம் போனதே தெரியவில்லை. ஆண்ட்ரேயின் பகுதி தொடங்கும்போது காது ஏற்கெனவே களைத்துவிட்டது. அவருடையது 78 நிமிடம், நடுநடுவே பேச்சுத் துண்டுகள் வேறு. பாதியில் தூங்கிப்போனேன். இறங்கியதும் நண்பனிடம் "இரண்டாவது சிடி இழுவை" என்று தீர்ப்பு சொன்னேன். அது ஆல்பத்தைப் பற்றிய கருத்தே இல்லை, என் களைப்பைப் பற்றிய கருத்து. ஒரு வாரம் கழித்து, காலையில், 'தி லவ் பிலோ'வை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டபோது 'ப்ரோட்டோடைப்' பாட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்பாதி கொஞ்சம் தொய்கிறது என்பதில் இப்போதும் மாற்றமில்லை, ஆனால் அதை இப்போது கேட்டுவிட்டுச் சொல்கிறேன். இரண்டையும் இரண்டு நாளில் கேளுங்கள். 2003இல் சிடி வாங்கியவர், ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட எழுந்து போயாக வேண்டும். அந்த இடைவேளை இப்போது நமக்குக் கிடைப்பதில்லை. ஷஃபிளில் மட்டும் போட்டுவிடாதீர்கள், சாம்பாரில் பாயசத்தை ஊற்றிச் சாப்பிட்டது போல் ஆகிவிடும்.

கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் பிக் பாயைக் கேட்டுவிட்டு "பெரிசா ஒண்ணும் இல்லையே" என்பதும் இதே ரகம். சிடியின் பெயரே ஸ்பீக்கர் பெட்டி. அடியில் போகும் பேஸ் காதில் விழவில்லை என்றால் பாதிப் பாட்டு விழவில்லை.

இப்போது ஆண்ட்ரேயின் 'ஹே யா'. இந்த ஆல்பத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பாட்டு இதுதான். கல்யாண ரிசப்ஷனில் கூடப் போட்டு ஆடுகிறார்கள். வரிகளைக் கவனித்தால், ஒருவரை ஒருவர் விட முடியாமல், சேர்ந்தும் இருக்க முடியாமல் தவிக்கும் ஒரு ஜோடியின் கதை. எந்தக் காதலும் நிலைக்காது என்றால் நம்முடையது மட்டும் எப்படி விதிவிலக்கு என்று கேட்கிறது பாட்டு. நடுவில் ஆண்ட்ரேவே நிறுத்தி, உங்களுக்கு நான் சொல்வது வேண்டாம், ஆடத்தான் வேண்டும் என்று கேலி செய்கிறார். நாமும் தலையாட்டிக்கொண்டு ஆடுகிறோம்.

இந்தப் பாட்டை "லேசான பாப்" என்று தள்ளுபவர்களுக்கு ஒரு சின்ன வேலை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். நான்கு நான்காக எண்ணினால் மூன்று சுற்று ஒழுங்காகப் போகும். நான்காவது சுற்றில் இரண்டு எண்ணியதுமே பாட்டு அடுத்த அடிக்குப் போய்விடும், உங்கள் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். பிறகு இரண்டு முழுச் சுற்று. கூட்டினால் 4, 4, 4, 2, 4, 4. மொத்தம் 22. இந்த அரைச் சுற்றுதான் பாட்டை எப்போதும் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆடுகிறவருக்கு அது தெரிவதில்லை என்பதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். (எடுத்த உடனே கேமராவிலிருந்தே அச்சாகி வரும் போலராய்டு படத்தை உதறச் சொல்லும் வரி அந்தப் பாட்டில் எவ்வளவு பிரபலமானது என்றால், படத்தை உதறாதீர்கள், கெட்டுவிடும் என்று அந்த நிறுவனமே 2004இல் அறிவுரை சொல்ல வேண்டியதாயிற்று.)

போட்டியாகவே பார்ப்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இன்னொரு தகவல். 'ஹே யா' அமெரிக்காவின் முன்னணிப் பாட்டுகளை வாராவாரம் வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 9 வாரம் முதலிடத்தில் இருந்தது. 2004 பிப்ரவரியில் அதை இறக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது எது? பிக் பாயின் 'தி வே யூ மூவ்'. பாட்டும் அதே ஆல்பம், பணம் போனதும் அதே வீட்டுக்கு.

எண்களை வைத்து வாதாடுபவர்கள் ஒரு இடத்தில் வழுக்குவார்கள். இந்த ஆல்பத்துக்கு அமெரிக்காவில் டயமண்ட் சான்றிதழ் உண்டு, அதாவது விற்பனைக் கணக்கு ஒரு கோடிக்கு மேல். ஒரு கோடிப் பேர் வாங்கினார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. 100 நிமிடத்தைத் தாண்டிய இரட்டை ஆல்பம் என்றால் அங்கே ஒவ்வொரு சிடியையும் தனியாகக் கணக்கெடுப்பார்கள். ஒருவர் ஒரு செட் வாங்கினால் இரண்டு. பாதியாக வகுத்தாலும் பெரிய எண்தான், அதனால் மிகைப்படுத்தத் தேவையே இல்லை. கிராமி விஷயமும் இப்படித்தான். 2004இல் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' விருது வாங்கிய முதல் ஹிப் ஹாப் ஆல்பம் இது என்று அடித்துச் சொல்வார்கள். 1999இல் ஹிப் ஹாப் பாடகி லாரின் ஹில் வாங்கியதை மறந்துவிட்டுச் சொல்வது அது.

கடைசியாக, "ஆண்ட்ரேயின் சிடி ஹிப் ஹாப்பே கிடையாது" என்ற வாதம். பாதி உண்மை. அவர் பெரும்பாலும் பாடுகிறார், கிட்டார் வாசிக்கிறார், ஜாஸ் பக்கம் போகிறார், பாடகி நோரா ஜோன்ஸோடு மெதுவாக ஒரு பாட்டுப் பாடுகிறார். குரல் எல்லா இடத்திலும் சுருதியில் நிற்கிறதா என்றால், இல்லை. 'பிங்க் அண்ட் ப்ளூ' எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. ஆனால் இந்த வாதத்தைச் சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடைசித் தடம் வரை போனீர்களா? அங்கே பாட்டெல்லாம் ஓய்ந்த பிறகு, எளிமையான ஒரு தாளத்தின் மேல் ஆண்ட்ரே ராப் செய்ய ஆரம்பிக்கிறார். பள்ளி நாட்கள், பிக் பாயைச் சந்தித்தது, புகழ், காதல் என்று மூச்சு விடாமல் ஏறக்குறைய 5 நிமிடம், கோரஸே இல்லாமல். தலைப்பில் அடைப்புக்குறிக்குள் 'முற்றுப்பெறாதது' என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதை நின்றுவிடும்.