வீட்டை விற்கும் முன் செய்யக் கூடாதவை: வண்ணத்துக்கு முன் பத்திரம்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தம் தந்தை விட்டுச் சென்ற வீட்டை விற்றுத் தருமாறு என்னிடம் வந்தார். வெளிச்சுவர் முதல் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை வண்ணம் பூசி, முன்கதவையும் புதிதாக்கி, ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய் செலவிட்டிருந்தார். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். தாத்தா பெயரில்தான் இருக்கிறது, ஆள் அமைந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார். 2009-இல் திருச்சி உறையூரில் எங்கள் வீட்டை விற்க முனைந்தபோது நானும் இதையேதான் சொன்னேன். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஆனாலும் இதே பேச்சை ஆண்டுதோறும் யாராவது ஒருவர் வாயிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். வீட்டைப் பெருக்கித் துடைத்து வைப்பதையும் எரியாத விளக்கை மாற்றுவதையும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. விவரம் அறிந்தவர்களும் செய்கிற, விலையை நேராகக் குறைக்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஆள் வந்த பிறகு பத்திரத்தைத் தேடுவது

இன்று வீடு வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் வங்கிக் கடனை நம்பியே வருகிறார்கள். வங்கியோ தன் வழக்கறிஞரின் கருத்தைக் கேட்காமல் பணம் தராது. அவர் வழக்கமாக சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றிதழ், முந்தைய கைமாற்றங்களைக் காட்டும் தாய்ப் பத்திரங்கள், பட்டா, கட்டட வரைபட அனுமதி, சொத்து வரி ரசீது என எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்பார். அந்தக் கேள்விகளை விற்பவர் முதன்முறையாக அன்றுதான் கேள்விப்படுகிறார் என்றால், பேரம் அவர் கையை விட்டுப் போய்விட்டது.

எங்கள் உறையூர் வீட்டை அப்பா தம் சம்பாத்தியத்தில் வாங்கியிருந்தார். 1999-இல் அவர் உயில் எழுதாமல் காலமானார். அம்மா, நான், தம்பி, தங்கை ஆகிய நால்வரும் கையெழுத்திட்டால் போதும் என்று நம்பி, 31 லட்சம் ரூபாய்க்கு விலை பேசி, மூன்று லட்சம் முன்பணம் வாங்கிக்கொண்டு, மூன்று மாதத் தவணையில் கிரைய உடன்படிக்கையும் எழுதிக் கொடுத்தோம். வாங்குபவருடைய வங்கியின் வழக்கறிஞர் வாரிசுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்பா இறந்தபோது உயிரோடு இருந்த பாட்டியின் பங்கு எங்கே என்பதுதான் அது.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஓர் ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி மக்களோடு அவருடைய தாயும் சமமாக நிற்கிறார். ஆக எங்கள் வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு பாட்டிக்கு உரியதாக இருந்தது. அவர் 2004-இல் இறந்தபோது அந்தப் பங்கு நான்காகப் பிரிந்து, ஒரு பாகம் அப்பாவின் வழியில் பிள்ளைகள் எங்கள் மூவருக்கும், மற்ற மூன்று பாகங்கள் இரண்டு அத்தைகளுக்கும் சித்தப்பாவுக்கும் சென்றிருந்தன. வீட்டில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு எங்களுடையதே அல்ல. அது தெரியாமலே முழு வீட்டையும் விற்பதாக எழுதிக் கொடுத்திருந்தோம். பாட்டியின் பெயர் அந்தச் சான்றிதழிலேயே தெளிவாக இருந்தது. பத்து ஆண்டுகளாக அதைப் பெட்டியில் வைத்திருந்த நாங்கள் யாரும் ஒருமுறைகூட நிதானமாகப் படித்ததில்லை.

சித்தப்பா உடனே சம்மதித்தார். பெரிய அத்தை பெங்களூரில் இருந்தார். சின்ன அத்தையோடு ஒரு கல்யாணத்தில் ஏற்பட்ட மனத்தாங்கலால் ஏழு ஆண்டுகளாகப் பேச்சே இல்லை. கையெழுத்துக்காக அவர் வீட்டு வாசலில் போய் நின்றபோது எனக்கு ஏற்பட்ட கூச்சம் இன்னும் நினைவிருக்கிறது. மூவருடைய கையெழுத்தும் சேர எட்டு மாதங்கள் ஆயின. அதற்குள் வாங்க வந்தவர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு வீடு வாங்கிவிட்டார். மறு ஆண்டு அந்த வீட்டை 26 லட்சத்துக்குத்தான் விற்க முடிந்தது.

பத்திரம் சரியான பிறகும் ஐந்து லட்சம் ஏன் குறைந்தது என்பதைத்தான் புதியவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை பேசி முறிந்த வீட்டின் பெயர் தெருவில் கெட்டுவிடுகிறது. பிறகு வந்த ஒவ்வொருவரும் "இந்த வீட்டில் ஏதோ வில்லங்கமாமே" என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். தீர்ந்துபோன சிக்கலுக்கும் அவர்கள் தள்ளுபடி கேட்டார்கள், நாங்களும் களைத்துப்போய்க் கொடுத்தோம்.

ஆகவே, வண்ணக்காரரை அழைப்பதற்கு முன் பத்திரங்களை ஒரு நல்ல வழக்கறிஞரிடம் கொடுத்து, வாங்குபவரின் வங்கி எப்படிப் பார்க்குமோ அப்படிப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் கட்டணம் ஓர் அறைக்கு வண்ணம் பூசும் செலவைத் தாண்டாது. பத்திரத்தில் உள்ள அளவும், பட்டாவில் உள்ள அளவும், மனையை நாடா பிடித்து அளந்தால் வரும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்பதையும் அப்போதே பாருங்கள். அந்த இளைஞரின் வீட்டை நான் இன்னும் யாருக்கும் காட்டவில்லை. தாத்தாவின் மற்ற பிள்ளைகள் யார், அவர்களில் இன்று யார் இருக்கிறார்கள் என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.

அடைத்த கடனை வில்லங்கத்தில் விட்டுவைப்பது

வீட்டுக் கடனைக் கட்டி முடித்துப் பத்திரத்தைக் கையில் வாங்கியதோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். கடன் பெறும்போது பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் அங்கே பதிவு செய்யும் வரை வில்லங்கச் சான்றிதழில் அந்தக் கடன் நின்றுகொண்டே இருக்கும். கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. ரசீதைப் பதிவு செய்து முடித்த பிறகு புதிய வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓதத்தின் மேல் வண்ணம் பூசுவது

குளியலறைக்கு அடுத்த சுவரில் ஓதம் ஏறியிருந்தால், பட்டி பார்த்து மேலே வண்ணம் பூசி மறைத்துவிடலாம் என்று கொத்தனாரே சில சமயம் யோசனை சொல்வார். அது ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்காது. உப்புப் பூத்து வண்ணம் பொருக்காக எழும்பும். வீடு பார்க்க வருபவர்கள் தங்களோடு அழைத்து வரும் பொறியாளரோ மேஸ்திரியோ சுவரை விரலால் தட்டியே கண்டுகொள்வார். மறைத்தது வெளிப்பட்டால் அந்தச் சுவருக்கான செலவோடு பேச்சு நிற்காது. குழாய், மின்கம்பி, அடித்தளம் என்று ஒவ்வொன்றின் மேலும் சந்தேகம் படர்ந்து விலை இறங்கும். கசிவு குழாயிலா, மாடித் தளத்தின் தட்டோட்டு இணைப்பிலா, மழைநீர்க் குழாயின் வாயிலா என்று முதலில் கண்டறிந்து சரிசெய்து, சுவரை நன்றாக உலரவிட்டு, அதன் பிறகு பூசுங்கள். கோடையில் இந்த வேலையை முடித்து, ஐப்பசி மழைக்கு நடுவிலேயே துணிந்து வீட்டைக் காட்டுங்கள். அந்த மழையில் ஈரமில்லாமல் நிற்கும் சுவரைப் பார்த்தவர் அதன்பின் ஓதத்தைச் சொல்லி விலை குறைக்க மாட்டார்.

பழைய வீட்டில் புதிய சமையலறை

முப்பது ஆண்டு பழைய தனி வீட்டில் மாடுலர் கிச்சனுக்கும் பொய்க்கூரைக்கும் போடும் பணம் திரும்பி வருவதில்லை. வாங்குபவர் மனையின் சதுர அடியைத்தான் கணக்கிடுகிறார். இடித்துக் கட்டும் எண்ணத்தோடு வருபவரும் உண்டு.

வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலையாக எண்ணுவது

அது முத்திரைத் தீர்வைக்காக அரசு வைத்த கணக்கு. உங்கள் தெருவில் அண்மையில் விற்ற மூன்று வீடுகளின் விலையை விசாரியுங்கள்.

நான்கு தரகர்களிடம் நான்கு விலை சொல்வது

குறைந்த விலைதான் ஊரில் பரவும்.

முன்பணத்தை ரொக்கமாக வாங்குவது

20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை முழுவதையும் வருமான வரித் துறை அபராதமாகக் கேட்கலாம்.