கடலூர், புதுச்சேரியில் இருந்து பி.எட். விண்ணப்பிப்பது எப்படி?

பி.எட். விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்ப அரை மணி நேரம் போதும். அந்த விண்ணப்பம் கேட்கும் சான்றிதழ்களைச் சேர்ப்பதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும். அறிவிப்பு வந்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு ஓடுகிறவர்களில் சிலருக்குக் கடைசித் தேதி கடந்துபோய் ஒரு வருடமே வீணாகிவிடுகிறது. இந்தப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் நாம் இரண்டு அரசாங்கங்களின் எல்லையைத் தாண்டிவிடுகிறோம். அதனால் யாருடைய இடத்துக்கு, யாருடைய சான்றிதழோடு போகிறோம் என்பதை முதலிலேயே தெளிவு செய்துகொள்ள வேண்டும். இந்த விளக்கம் முதல்முறை விண்ணப்பிக்கிறவர்களுக்காக.

படி 1: எந்த வகுப்புக்கு ஆசிரியர் ஆகப் போகிறீர்கள்?

சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆசை என்றால் பி.எட். உங்களுக்கான படிப்பு இல்லை. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்கு வேண்டியது தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. கடலூர் மாவட்டத்தில் வடலூரிலும், புதுச்சேரியில் லாஸ்பேட்டையிலும் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் விசாரியுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் என்றால் பி.எட்.தான். இளங்கலைப் பட்டம் முடித்தபின் அதை இரண்டு வருடம் படிக்க வேண்டும். பிளஸ் டூ மட்டும் முடித்தவர்களுக்கு நான்கு வருட ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்பு இருக்கிறது, பட்டமும் பி.எட்.டும் சேர்ந்தே வரும். அதற்குத் தேசியத் தேர்வு முகமை நடத்தும் என்செட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தமிழிலும் எழுதலாம். திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு உண்டு.

இனி எழுதுவதெல்லாம் இரண்டு வருட பி.எட். பற்றித்தான்.

படி 2: உங்கள் பட்டம் எந்தப் பள்ளிப் பாடத்தில் சேரும்?

மற்ற எதையும் விட இதில் அதிக நேரம் செலவழியுங்கள். பி.எட்.டில் உங்களைச் சேர்ப்பது ஒரு பள்ளிப் பாடத்தின் கீழ்: தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல், கணினி அறிவியல் என்று. பட்டச் சான்றிதழில் அதே பெயர் இருந்தால் கவலை இல்லை. பி.எஸ்சி. பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, அல்லது 'அப்ளைடு' என்று தொடங்கும் பட்டம் என்றால், அது எந்தப் பாடத்துக்கு இணையானது என்று அரசு ஆணை போட்டிருக்க வேண்டும். அதற்கு இணைத்தன்மை அரசாணை என்று பெயர். நீங்கள் படித்த கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் அரசாணை எண்ணோடு சொல்வார்கள். அந்த ஆணையின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேரும்போது மட்டுமல்ல, பின்னால் ஆசிரியர் தேர்வு வாரியத்தில் சான்றிதழ் சரிபார்க்கும்போதும் அதைக் கேட்பார்கள். "சீட் கொடுத்துவிட்டார்கள், அப்புறம் என்ன?" என்று நினைக்காதீர்கள். கல்லூரி சேர்த்துக்கொள்வதும், வேலைக்கு அந்தப் பட்டம் செல்லுபடியாவதும் வேறு வேறு.

பி.காம்., பி.ஏ. பொருளியல் முடித்தவர்கள் கவனியுங்கள். தமிழ்நாட்டில் இந்தப் பாடங்களுக்கு முதுகலைப் பட்டம் இருந்தால்தான் பி.எட். சேர முடியும், அதுவும் 50 சதவீத மதிப்பெண்ணோடு. இந்தப் பாடங்கள் பத்தாம் வகுப்பு வரை தனிப் பாடமாக இல்லாததால் வந்த விதி இது. எம்.காம். முடித்துவிட்டு வாருங்கள், பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆசிரியராகும் வழி திறக்கும்.

மற்றவர்களுக்கு இளங்கலை மதிப்பெண் தமிழ்நாட்டில் இப்படிப் பார்க்கப்படுகிறது: பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 43, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. கணக்குப் பார்க்கும்போது மொழிப்பாட மதிப்பெண்ணைச் சேர்க்காமல் பகுதி மூன்றை மட்டும், அதாவது முதன்மைப் பாடத்தையும் துணைப் பாடத்தையும் மட்டும் கூட்டிப் பாருங்கள். மொத்த சதவீதம் நன்றாக இருந்து பகுதி மூன்றில் குறைந்துபோனவர்கள் உண்டு. அதேபோல் தமிழில் குறைந்து முதன்மைப் பாடத்தில் நிறைய வாங்கியவர்கள், "எனக்குக் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடவும் கூடாது.

பி.இ. முடித்தவர்களும் வரலாம், தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிப்படி அவர்களுக்கு 55 சதவீதம் வேண்டும். இங்கும் எந்தப் பொறியியல் பிரிவு எந்தப் பள்ளிப் பாடத்துக்குப் போகும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: நீங்கள் எந்த அரசாங்கத்துப் பிள்ளை?

எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு, இந்தப் பக்கம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன். கன்னியகோவிலில் வீடு, கடலூரில் கல்லூரி என்று வளர்ந்தவர்கள் நம்மிடம் நிறையப் பேர். பஸ்ஸில் போகும்போது எல்லை தெரியாது. சான்றிதழில் தெரியும்.

தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு மொத்தம் 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதி 18 (இதில் அருந்ததியருக்கு 3), பழங்குடி 1. இது தமிழ்நாட்டு வருவாய்த் துறை கொடுத்த சாதிச் சான்றிதழுக்குத்தான் பொருந்தும். புதுச்சேரித் தாசில்தார் கொடுத்த சான்றிதழோடு வந்தால் பொதுப் பிரிவாகவே எடுத்துக்கொள்வார்கள். புதுச்சேரியில் ஒதுக்கீட்டுப் பிரிவுகளும் விகிதமும் வேறு. அங்கே இருப்பிடச் சான்றும் கேட்பார்கள். ஒரே சாதி இரண்டு பக்கமும் ஒரே பட்டியலில் இருக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம்.

கல்யாணம் ஆகி எல்லை தாண்டி வந்த பெண்களுக்கு இந்தக் குழப்பம் அதிகம். சாதிச் சான்றிதழ் பிறந்த வீட்டை வைத்துத்தான் வரும், கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. அப்பாவின் ஊர்த் தாலுகாவில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கடலூர் மாவட்டத்தார் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று கைமாறி வர நாளாகும். கடைசி செமஸ்டர் தேர்வுக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. பழைய கையெழுத்து அட்டை இருந்தால் இப்போதே கியூஆர் குறியீடு உள்ள புதிய சான்றாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பட்டச் சான்றிதழிலும் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரி, விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் கல்லூரி போன்றவை முன்பு வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன; 2021-22 முதல் சேர்ந்தவர்களுக்கு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். சில வருடம் முன்பு படித்துவிட்டுப் பட்டச் சான்றிதழ் வாங்காமல் விட்டவர்கள் சிதம்பரத்துக்குப் போய்ப் பயனில்லை, வேலூரில்தான் கேட்க வேண்டும்.

தாகூர் கல்லூரியிலோ பாரதிதாசன் மகளிர் கல்லூரியிலோ படித்த புதுச்சேரிப் பிள்ளைகள் தமிழ்நாட்டுக் கல்வியியல் கல்லூரியில் சேர்ந்தால் பல்கலைக்கழகம் மாறுகிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் இடப்பெயர்வுச் சான்றிதழ் (மைக்ரேஷன்) வாங்க வேண்டும். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றும் கேட்பார்கள். கடலூரில் படித்துவிட்டுப் புதுச்சேரியில் சேருகிறவர்களுக்கும் இடப்பெயர்வுச் சான்றிதழ் வேண்டும்.

படி 4: எந்தக் கல்லூரி?

கடலூர் மாவட்டத்தில் அரசு கல்வியியல் கல்லூரி இல்லை. அரசுக் கல்லூரி வேண்டும் என்றால் சென்னை, வேலூர், ஒரத்தநாடு, புதுக்கோட்டை, குமாரபாளையம், கோவை என்று வெளியூர் போக வேண்டும். செலவு மிகக் குறைவு என்பதால், விடுதியில் தங்க முடிகிறவர்கள் கட்டாயம் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பேன். அரசுக் கல்லூரிகளுக்கும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் உள்ள அரசு இடங்களுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம்தான்.

வீட்டிலிருந்தே போய்வர வேண்டும் என்றால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கல்வியியல் துறை இருக்கிறது. அதற்குத் தனி அறிவிப்பு, தனி விண்ணப்பம். தனியார் கல்லூரிகளுக்கு நேரடியாக அவரவரிடம். புதுச்சேரியில் உள்ள கல்லூரிகள் புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அரசு ஒதுக்கீட்டு இடம் உண்டா, அதற்கு எப்படி விண்ணப்பிப்பது என்று ஒவ்வொரு கல்லூரியிலும் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

தனியார் கல்லூரி என்றால் முதல் வேலை, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் தளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் அதன் பெயரைத் தேடுவது. கல்லூரி வாசலில் மாட்டிய பலகையை நம்ப வேண்டாம். குழுமம் அங்கீகாரத்தைத் திரும்பப் பெறுவதும் நடக்கிறது, அதனால் இந்த வருட நிலவரம் என்ன என்று பாருங்கள். எத்தனை இடத்துக்கு அனுமதி என்பதும் அதில் இருக்கும்.

"காலேஜுக்கே வர வேண்டாம், பணம் கட்டினால் போதும், பரிட்சைக்கு வந்தால் சரி" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். விதிப்படி ஆண்டுக்கு 200 வேலை நாள். வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். இரண்டு வருடத்தில் குறைந்தது 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும், அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். ஒரு வகுப்பைக் கட்டிக்காக்க அந்தப் பதினாறு வாரத்தில்தான் கற்றுக்கொள்கிறோம். அதைக் காசு கொடுத்துத் தவிர்த்துவிட்டு நாற்பது பிள்ளைகள் முன்னால் போய் நிற்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் படிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியும், ஆனால் எல்லோருக்கும் இல்லை. தொடக்கக் கல்விப் பட்டயம் போன்ற ஆசிரியர் பயிற்சியை ஏற்கெனவே நேரடியாக முடித்தவர்களுக்கு மட்டும்தான் தொலைநிலை பி.எட். வெறும் பட்டம் வைத்துக்கொண்டு பள்ளியில் பாடம் எடுக்கும் அனுபவம் இதற்குப் போதாது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அங்கே வேலை பார்க்க நினைப்பவர்கள் ஆங்கிலத்தில் பாடம் நடத்திப் பழக வாய்ப்புள்ள கல்லூரியைத் தேடுங்கள். மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட்டையும் மனதில் வையுங்கள்.

படி 5: விண்ணப்பத்தை நிரப்புவது

அரசு இடங்களுக்கான அறிவிப்பு சில வருடம் ஜூனிலேயே வருகிறது, சில வருடம் செப்டம்பர் வரை இழுக்கிறது. விண்ணப்பிக்கும் இணையதளமும் மாறியிருக்கிறது. போன வருட முகவரியில் போய்த் தேடாமல், இந்த வருட அறிவிப்பில் உள்ள முகவரியையே தட்டச்சு செய்யுங்கள்.

பிரவுசிங் சென்டரில் போட்டாலும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். ஓடிபி முதல் கலந்தாய்வு அழைப்பு வரை எல்லாம் அதற்குத்தான் வரும்.

பெயரைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி எழுதுங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய தலைவலி. மதிப்பெண் பட்டியலில் முன்னால், ஆதாரில் பின்னால், சாதிச் சான்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். எழுத்தே மாறியிருந்தால் ஆதாரைத் திருத்திவிட்டு வாருங்கள்.

பதிவேற்ற வேண்டியவை: பத்து, பிளஸ் டூ, எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் (டிசி), சாதிச் சான்று, புகைப்படம், கையொப்பம். என்சிசி, விளையாட்டு, மாற்றுத்திறனாளி, முன்னாள் ராணுவத்தினர் பிள்ளை என்று சிறப்புப் பிரிவு இருந்தால் அதையும் விடாமல் குறிப்பிடுங்கள். சமர்ப்பிக்கும் முன் பாடம், பகுதி மூன்று மதிப்பெண், பிரிவு இந்த மூன்றையும் வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பணம் கட்டிய ரசீதையும் விண்ணப்பத்தையும் அச்செடுத்து வையுங்கள்.

படி 6: தரவரிசையும் சேர்க்கையும்

தரவரிசைப் பட்டியல் பாடவாரியாக வரும். கணிதக்காரருக்கு வரலாற்றுக்காரர் போட்டியில்லை. அதனால் மொத்தப் பட்டியலைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். உங்கள் பாடத்தில், உங்கள் பிரிவில் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். கல்லூரி விருப்ப வரிசையில் உண்மையாகவே போக முடிந்த ஊர்களை மட்டும் வரிசைப்படுத்துங்கள்.

சேரும் அன்று அசல் சான்றிதழ்களைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் நான்கைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக மாற்றுச் சான்றிதழை. எந்தெந்த அசல் கொடுத்தீர்கள் என்று கல்லூரி முத்திரையோடு எழுதி வாங்குங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அன்றைக்கே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இரண்டாம் ஆண்டுப் பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள் என்றும் கேட்டு வையுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளி வேண்டும் என்றால் முன்கூட்டியே சொன்னால்தான் ஏற்பாடு செய்ய முடியும்.