கொடைக்கானல் குளிரில் கரி அடுப்புக் கோழி

மலையில் தங்கும் வீட்டு முற்றத்தில் கோழி சுடுபவர்கள் செய்யும் தப்பு பெரும்பாலும் ஒன்றுதான். ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து எட்டரை மணிக்கு அடுப்பைப் பற்ற வைப்பார்கள். மதுரையில் ஒன்பதரைக்குத் தட்டுக்கு வந்திருக்கும் கோழி, இங்கே பதினோரு மணிக்கும் எலும்போரம் சிவந்தே இருக்கும். மசாலாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கரிக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது. பனியும் காற்றும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஆறு மணிக்கே கரி பற்றியிருந்தால்தான் எட்டரைக்குச் சாப்பிடலாம்.

சாமான்களை மலையடிவாரத்து வத்தலக்குண்டிலேயே வாங்கிவிடுங்கள். ஆறு பேருக்கு 2 கிலோ கோழி, காலும் தொடையும் சேர்ந்த துண்டாக. நெஞ்சுக்கறி வேண்டாம், குளிர்காற்றில் மேலே காய்ந்து நாராகிவிடும். ஒவ்வொரு துண்டிலும் எலும்பைத் தொடும்வரை இரண்டு மூன்று கீறல் போடச் சொல்லுங்கள்.

2 கிலோவுக்குத் தூளுப்பு 30 கிராம், அதாவது தலைதட்டி ஐந்து டீஸ்பூன். துணியில் கட்டி நீர் வடித்த தயிர் 250 கிராம், இஞ்சி பூண்டு விழுது 100 கிராம், மிளகாய்த்தூள் மூன்று மேசைக்கரண்டி, மல்லித்தூள் இரண்டு, மிளகுத்தூள் ஒன்று, மஞ்சள்தூள் ஒரு டீஸ்பூன், கடலை எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே கறியில் பிசறிவிடுங்கள். பூம்பாறைப் பக்கம் விளையும் மலைப்பூண்டு (2019-ல் புவிசார் குறியீடு பெற்றது) கிடைத்தால் பூண்டின் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள், காரம் அதிகம். எலுமிச்சையும் பப்பாளிக்காயும் இப்போது சேர்க்கவே கூடாது. மலை ஏறி, அறை எடுத்து, அடுப்பு தயாராவதற்குள் ஐந்தாறு மணி நேரம் ஓடிவிடும். அவ்வளவு நேரம் பப்பாளிக்காயில் ஊறிய கறி மாவாகிவிடும். எலுமிச்சையில் ஊறியது சுண்ணாம்புபோல வெளுத்து வறண்டுபோகும். எலுமிச்சை, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிவதற்கு. சர்க்கரையோ தேனோ வேண்டாம், கறி வேகும் முன்னே கருகும்.

கறியைத் தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டியோடு வையுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை இருப்பதால், முந்தின நாளே எவர்சில்வர் டப்பாவில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வைத்துக்கொள்வது நல்லது. முழுக்க ஊற்றினால் மூடி பிதுங்கும். பனிக்கட்டி இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்த கறியை, எவ்வளவு வேகவைத்தாலும் நம்பாதீர்கள். மசாலா டப்பாவை மேலே போனதும் கவனமாகத் திறங்கள். சிப்ஸ் பாக்கெட் உப்புவது போலவே, வெளியழுத்தம் குறைந்ததால் உள்ளிருக்கும் காற்று மூடியைத் தள்ளும், சட்டையில் தெறிக்கும். மலைக்குள் நுழைய வேண்டிய இ-பாஸ் வாங்காமல் கிளம்பிவிட்டு சோதனைச்சாவடியில் நிற்கும்போது உருகுவதும் இதே பனிக்கட்டிதான்.

இனி கரி. சமவெளியில் கிலோ கறிக்கு ஒரு கிலோ போதும், இங்கே ஒன்றரை. ஆக 3 கிலோ. ராமநாதபுரம் பக்கத்துக் கரிமூட்டங்களிலிருந்து வரும் சீமைக்கருவேலங்கரி நல்ல சூடு, நின்று எரியும். இஸ்திரிக் கடைக்காரரிடம் கேட்டால் எங்கே வாங்குவது என்று சொல்லிவிடுவார். இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள்: 'கிணிங்' என்றால் காய்ந்தது, 'தொப்' என்றால் ஈரம். ஈரக்கரி பற்றவும் நேரமெடுக்கும், வெடித்துப் பொறியும் பறக்கும். சாக்கோடு திண்ணையில் விட்டுவிடாமல் உள்ளே வையுங்கள். மலைப்பனி ஒரே இரவில் ஏறிவிடும். விடுதியில் தரும் விறகு பெரும்பாலும் தைலமரம் அல்லது பைன். குளிர் காய நல்லது, கறிக்கு ஆகாது: புகை கசக்கும், பைனின் பிசின் கரும்புகையாகக் கம்பியில் ஒட்டும். புகை மணம் வேண்டுமென்றால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கவாத்து செய்த காய்ந்த காப்பிக் குச்சி நாலைந்து போதும்.

பற்ற வைக்க, இரண்டு பக்கமும் வெட்டி அடியில் ஓட்டை போட்ட பழைய எண்ணெய் டின் நல்ல கருவி. அடியில் தேங்காய் நாரும் எண்ணெய் தொட்ட செய்தித்தாளும், மேலே கரி. மண்ணெண்ணெய் வாடை கறியில் ஏறும். பெட்ரோலைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நாற்பது நிமிடத்தில் மேல்கரியும் சாம்பல் பூத்துவிடும். அதற்கு முன் கறியை ஏற்றாதீர்கள்.

கரியை அடுப்பின் ஒரு பக்கம் குவித்து, மறுபக்கத்தைக் காலியாக விடுங்கள். கரிக்கும் கம்பிக்கும் ஒரு முக்கால் சாண் இடைவெளி. கம்பிக்கு மேல் நாலு விரல் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்து எண்ணுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் கையை எடுத்தால் சூடு அதிகம், மூன்று நான்கு என்றால் சரி, ஆறு தாண்டினால் கரி போதாது. தோசைக்கல்லுக்குத் தேய்ப்பது போலவே பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கம்பியில் தேய்த்தால் கறி ஒட்டாது. நேர்ச்சூட்டில் பக்கத்துக்கு நாலு நிமிடம் சிவக்கவிட்டு, காலிப் பக்கத்துக்கு நகர்த்தி, அலுமினிய அண்டாவைக் கவிழ்த்து மூடுங்கள். இந்த மூடிதான் மலையில் பாதி வேலையைச் செய்கிறது. அரைமணிக்கு மேல் ஆகும், காற்றடித்தால் முக்கால் மணி. அடிக்கடி திறந்து பார்க்கிற ஆளை வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள். எலும்போரம் குத்தினால் வரும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் 74 டிகிரி செல்சியஸ்.

பீர் ஆனாலும் பன்னீர் சோடா ஆனாலும், கொண்டைஊசி வளைவுகளில் குலுங்கி வந்த பாட்டிலை உடனே திறந்தால் பாதி தரைக்குத்தான். வெளியழுத்தம் குறைவாக இருப்பதால் நுரை இன்னும் பொங்கும். நிமிர்த்தி வைத்து ஒரு மணி நேரம் குளிரவிட்டுத் திறங்கள். குடித்தவர் அன்றிரவு வண்டிச் சாவியைத் தொடக்கூடாது. சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான்.

அடுப்பு எரிய வேண்டிய இடம் விடுதி முற்றம், அதுவும் கேட்டுக்கொண்டு. காப்புக்காட்டிலும் பைன் தோப்பிலும் தீ மூட்டுவது குற்றம்; பிப்ரவரி முதல் மே வரை காய்ந்த புல் ஒரு பொறிக்குப் பற்றும். இதைவிட முக்கியமானது: சாப்பிட்ட பிறகு, குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கரி அடுப்பை அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்தாதீர்கள். புகையே இல்லாத செங்கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை; தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பதும் போதாது.

மிஞ்சிய கரியை மூடியுள்ள இரும்பு டின்னில் அடைத்து வெளியிலேயே வையுங்கள், காற்றின்றி அணைந்து மறுநாளுக்கு உதவும். சாம்பலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துக் கிளறி, புறங்கையில் சூடு தெரியாமல் போகும்வரை விடாதீர்கள். எலும்பையும் சோளக்கட்டையையும் முற்றத்தில் போட்டால் இரவில் காட்டு மாடும் விடிந்ததும் குரங்கும் வரும். எல்லாவற்றையும் கட்டி வீட்டுக்குள் வைத்து, காலையில் குப்பை வண்டியில் சேர்த்துவிடுங்கள்.