புது கேம்ஷாஃப்ட் போட்டும் இழுவை கூடவில்லையா?

எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேமை மாற்றியபின் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை செத்துவிட்டது, மேலேயும் பெரிதாக ஏறவில்லை. வால்வ் கிளியரன்ஸ், எரிபொருள் கலவை, இக்னிஷன் டைமிங் எல்லாம் பார்த்தும் பலனில்லை.

கேமையும் கிராங்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இணைத்து வைக்கும் டைமிங் மார்க்குகள் பொருந்தித்தான் நின்றன. ஆனால் 40 பல் கேம் கியரில் ஒரு பல்லே 9 டிகிரி. 2 டிகிரி பிசகு கண்ணுக்குத் தெரியாது. சிலிண்டர் ஹெட்டைச் சீவியிருந்தால் அது தாழ்ந்து கேம் பின்தங்கும். கியரைக் கேமில் நிறுத்தும் டோவல் முள்ளின் துளையில் உள்ள சிறு பிசகும் அதோடு சேரும்.

பிஸ்டன் ஸ்டாப் வைத்து உண்மையான டிடிசியை (பிஸ்டன் மேலே எட்டும் உச்சப் புள்ளி) பிடித்து, டிகிரி வீல் (கிராங்கின் கோணம் காட்டும் வட்டு), டயல் கேஜ் (வால்வின் அசைவை அளக்கும் கருவி) பொருத்தினேன். உச்ச லிஃப்டை (இன்டேக் வால்வ் முழுதாகத் திறக்கும் இடம்) நேரடியாகப் படிக்காதீர்கள், அங்கே ஊசி சில டிகிரிக்கு அசையவே அசையாது. இருபுறமும் 1.25 மி.மீ. இறங்கும் இடங்களைக் குறித்துச் சராசரி எடுத்தேன்: டிடிசிக்குப் பின் 112 கிராங்க் டிகிரி. தயாரிப்பாளர் தரும் கேம் கார்டில் 108, அதாவது கேம் 4 டிகிரி பின்தங்கியிருந்தது.

அட்ஜஸ்டபிள் கியரில் 2 டிகிரி முன்னே தள்ளினேன், கேமின் ஒரு சுற்றுக்குக் கிராங்க் இரண்டு சுற்று என்பதால் கிராங்க் கணக்கில் 4. அப்பாடா, இழுவை வந்துவிட்டது. முன்னே தள்ளினால் இன்டேக் வால்வ் பிஸ்டனை நெருங்கும். ஸ்டார்ட் செய்யுமுன் கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி இடைவெளி பாருங்கள்.